பாக்கெட் பிரிகிறதா, நெளிகிறதா, பூஞ்சை பிடிக்கிறதா? ஸ்கிராப் புக் நினைவுப் பைகளைச் சரிசெய்யும் வழிகள்

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பில் யார் வீட்டு ஸ்கிராப் புக் பழுதானாலும் அது கடைசியில் என் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். பேரனின் ஆண்டு நிறைவு, மகளின் கல்லூரி நாள்கள், தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் என்று ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் இரவில் கண்விழித்து வெட்டி, மடித்து, ஒட்டிச் செய்தது. அந்தப் பக்கங்களில் டிக்கெட்டும் பூவும் கடிதமும் வைக்க ஒட்டிய சின்னப் பாக்கெட்டுகளில்தான் பழுது தொடங்குகிறது. இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்தவற்றுள் வெட்டத் தெரியாமல் கெட்டவை மிகக் குறைவு. பசையாலும் சென்னைக் காற்றின் ஈரத்தாலும் கெட்டவையே அதிகம்.

உங்கள் பாக்கெட்டில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

எந்தப் பழுதானாலும் உள்ளே இருக்கும் பொருளை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பாக்கெட்டில் கை வைக்க வேண்டும். பாக்கெட்டை நூறு முறை புதிதாகச் செய்யலாம். பாட்டி எழுதிய கடிதத்தை இன்னொரு முறை எழுத யாரும் இல்லை. பொருள் வெளியே வர மறுத்தால் இழுக்காதீர்கள். கீழே ‘போட்டோ பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டது’ என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

கையருகே இருக்க வேண்டியவை: இரும்பு ஸ்கேல், கட்டர், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, வெள்ளைப் பசை, சிறிய தூரிகை, பட்டர் பேப்பர், கனமான இரண்டு புத்தகங்கள்.

பாக்கெட் பக்கத்தை விட்டுப் பிரிகிறது

என்னிடம் அதிகமாக வருவது இதுதான். பிரிந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். காரணத்தில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

பசை பொடியாக உதிர்ந்தால்

குளூ ஸ்டிக் போட்டு ஒட்டியிருப்பார்கள். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஜெராக்ஸ் தாளுக்கு அது போதும். 200 ஜிஎஸ்எம் அட்டையை மடித்து ஒட்டினால் மடிப்பு எந்நேரமும் நிமிரப் பார்க்கும். அந்த இழுப்பை அது தாங்காது. உதிர்ந்த பொடியை உலர்ந்த பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தூரிகையால் வெள்ளைப் பசையை 5 மி.மீ. அகலத்துக்கு மூன்று ஓரங்களிலும் மெல்லிசாகத் தடவி ஒட்டுங்கள். அடுத்த பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, மேலே புத்தகங்களை அடுக்குங்கள். கோடையில் ஓர் இரவு போதும். ஐப்பசி, கார்த்திகையில் முழுதாக ஒரு நாள் விட வேண்டும். அடைமழை நாளில் இரண்டு மணி நேரத்தில் புத்தகத்தை எடுத்துவிட்டு, ‘பசை சரியில்லை’ என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பசை சரியாகத்தான் இருக்கும். காய விடவில்லை, அவ்வளவுதான்.

ஒட்டிய பிறகும் மடிப்பு நிமிர்ந்தால்

மடிக்கும் முன் கோடு போடவில்லை என்று பொருள். ஸ்கேலை வைத்து மை தீர்ந்த பேனாவால் இரண்டு முறை அழுத்திக் கோடிழுத்த பிறகு மடியுங்கள். மடிப்பை விரல் நகத்தால் தேய்க்காமல், பட்டர் பேப்பர் வைத்து ஒரு கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தால் அட்டையில் பளபளப்புத் தழும்பு விழாது.

பிசுபிசுவென்று நூல் நூலாக இழுத்தால்

டபுள் சைடு டேப். கத்திரி வெயிலில் அதன் கோந்து இளகி ஓரத்தில் வழிந்து, பக்கத்துப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். தூசியும் அதிலேயே போய் ஒட்டும். கோந்தை வெள்ளை அழிரப்பரால் ஒரே திசையில் உருட்டி உருட்டி எடுங்கள். தண்ணீர் வேண்டாம். பெயின்ட் தின்னரும் பெட்ரோலும் போட்டோ இருக்கும் பக்கத்தின் அருகில்கூட வரக்கூடாது. நான் இப்போது டேப்பை அலங்காரப் பட்டைக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறேன். பாரம் தாங்கும் ஓரத்துக்குப் பசைதான், அல்லது நூல்தான்.

பசை தகடு போல அப்படியே உரிந்து வந்தால்

பழைய கல்யாணப் பத்திரிகையைப் பாக்கெட்டாக்கியவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் அச்சான கனத்த பத்திரிகைகள் பாக்கெட் செய்யப் பிரமாதமானவை. அட்டை நல்ல கெட்டி. பிள்ளையாரும் நாதஸ்வரமும் பொன்னிறத்தில் புடைத்து நிற்கும். ஆனால் பல பத்திரிகைகளுக்கு மேலே லாமினேஷன் இருக்கும். தண்ணீரில் கரைந்த பசை அதற்குள் இறங்காது.

சோதனை எளிது. பத்திரிகையின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். தாமரை இலைத் தண்ணீராக முத்து போல நின்றால் லாமினேஷன் உண்டு. ஊறினால் இல்லை. உண்டென்றால், பசை படும் ஓரத்தை மட்டும் நைஸான உப்புத்தாளால் தேய்த்து மேற்பூச்சை எடுத்துவிட்டு ஒட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தைத்துவிடுங்கள். ஊசித் துளைகளுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். நெருக்கமாகக் குத்தினால் தபால்தலை ஓரம் போல அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும்.

பக்கத்தின் மேல்தோலோடு பிய்ந்து வந்தால்

பசை வென்றுவிட்டது, பக்கம்தான் தோற்றது. பாக்கெட்டைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக 120 ஜிஎஸ்எம் தாளை வெட்டி, பிய்ந்த இடத்தின் மேல் ஒட்டிக் காய்ந்த பிறகு பாக்கெட்டை அதன் மீது ஒட்டுங்கள். பூட்டுச் சாவி, நாணயம் மாதிரி கனமானவை இருந்தால் பக்கத்தின் பின்னாலும் ஒரு தாள் கொடுத்து, இரண்டையும் சேர்த்துத் தைக்க வேண்டும்.

எப்போது பைண்டரிடம் போக வேண்டும்? கிழிசல் புத்தகத்தின் முதுகுவரை ஓடியிருந்தால். அதை வீட்டில் டேப் போட்டு ஒட்டினால் அவர் வேலைதான் இரட்டிப்பாகும்.

பக்கம் நெளிகிறது, அப்பளம் போல வளைகிறது

முதலில் பசை எங்கெங்கே பட்டிருக்கிறது என்று பாருங்கள். பாக்கெட்டின் முதுகு முழுக்கப் பசை அப்பியிருந்தால் அதுதான் காரணம். மூன்று ஓரங்களுக்கு மட்டும் தடவுங்கள். நடுப்பகுதி சும்மா இருக்கட்டும்.

ஓரத்துக்கு மட்டும் தடவியும் வளைகிறதா? அப்படியானால் காகிதத்தின் நார் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் திருவல்லிக்கேணியில் இருக்கும் ஒரு பைண்டர். நான் கொண்டுபோன வளைந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. புதிய தாள் ஒன்றை எடுத்து, எதிரெதிர் ஓரங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மடிக்காமல் உள்ளங்கையால் மெல்ல அமுக்கினார். பிறகு தாளைக் கால் சுற்றுத் திருப்பி அதையே செய்தார்.

“எந்தப் பக்கம் சாது, எந்தப் பக்கம் முரடு என்று கையிலே தெரிகிறதா அம்மா?”

“இந்தப் பக்கம் முரட்டுத்தனம் செய்கிறது, பாய்.”

“சாதுவாக வளைகிறதே, அந்த மடிப்புக்கோடு போகிற திசையில்தான் நார் ஓடுகிறது. ஈரம் பட்டால் காகிதம் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். பக்கம் ஒரு திசை, பாக்கெட் ஒரு திசை என்று ஒட்டினால் இரண்டும் சண்டை போடும்.”

அன்றிலிருந்து வெட்டும் முன் ஒவ்வொரு தாளின் பின்னாலும் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுகிறேன். பக்கத்தின் நாரும் பாக்கெட்டின் நாரும் ஒரே திசையில், இரண்டும் புத்தக முதுகுக்கு இணையாக. இந்த ஒன்றைச் செய்தாலே நெளிவில் பெரும்பகுதி போய்விடுகிறது.

ஏற்கெனவே நெளிந்ததை எப்படி நிமிர்த்துவது? பொருள்களை எடுத்துவிட்டு, மேலும் கீழும் வெற்றுத் தாள் வைத்து, மூன்று நாள் பாரம் ஏற்றி வையுங்கள். செய்தித்தாள் வைக்காதீர்கள், அதன் மை இறங்கிவிடும். பக்கத்தில் போட்டோவும் பிளாஸ்டிக்கும் இல்லை, மெஷினில் அச்சான டிக்கெட்டும் இல்லை என்றால் மட்டும், பருத்தித் துணியை மேலே போட்டு, நீராவி இல்லாமல், குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒருமுறை ஓட்டலாம்.

பொருள் உள்ளே போக மறுக்கிறது, அல்லது நழுவி விழுகிறது

அளவுக் கோளாறு, பயப்பட ஒன்றுமில்லை. பாக்கெட்டின் உள் அகலம் பொருளைவிட 6 மி.மீ. அதிகமாக இருக்க வேண்டும். பழைய அட்டை ரயில் டிக்கெட் 57 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம். அதை நெட்டையாகச் செருக வேண்டுமென்றால் உள் அகலம் 36 மி.மீ., ஆழம் ஏறத்தாழ 45 மி.மீ.; தலை கொஞ்சம் வெளியே தெரிந்தால்தான் எடுக்க வரும். ஓரப் பசை உள்ளே கசிந்து வழியை அடைத்திருக்கிறதா என்று ஸ்கேலை விட்டுப் பாருங்கள். அடைத்திருந்தால் அதே ஸ்கேலால் மெல்ல விடுவிக்கலாம்.

நழுவி விழுந்தால் பாக்கெட்டின் வாய் புத்தகத்தின் வெளி ஓரத்தைப் பார்த்திருக்கும். முதுகைப் பார்த்தோ மேலே பார்த்தோ திருப்பி ஒட்டுங்கள். திருப்ப முடியாவிட்டால் மேலே ஒரு மூடி மடிப்புச் சேர்த்து நூல் சுற்றிக் கட்டுங்கள்.

பாக்கெட்டின் வாய் கிழிகிறது

விரல் நுழைய வழியில்லாமல் ஒவ்வொரு முறையும் வாயை இழுத்துப் பிடிப்பதால் கிழிகிறது. வாயின் நடுவில் பத்து ரூபாய் நாணயத்தைப் பாதி உள்ளே, பாதி வெளியே வைத்து, அரைவட்டம் வரைந்து வெட்டிவிடுங்கள். அந்த நாணயத்தின் குறுக்களவு 27 மி.மீ.; கட்டைவிரலுக்குக் கச்சிதம். வெட்டிய பிறகும் மூலையில் கிழிகிறது என்றால் தாள் மெல்லியது. வாய் ஓரத்தை ஒரு சென்டிமீட்டர் உள்பக்கமாக மடித்து ஒட்டி இரட்டையாக்குங்கள். பைண்டிங் துணியில் ஒரு நாடா வெட்டி ஒட்டினால் இன்னும் அழகு. குழந்தைகள் புரட்டும் புத்தகம் என்றால் இதை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

புத்தகம் மூட மறுக்கிறது, விசிறி போல விரிந்து நிற்கிறது

முதுகுப் பக்கத்தின் கனத்தையும் வாய்ப் பக்கத்தின் கனத்தையும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் சரிக்கட்ட வேண்டியது.

செலவில்லாத வழி: எல்லாப் பாக்கெட்டும் பக்கத்தின் நடுவிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கத்தில் மேலே, அடுத்ததில் கீழே என்று மாற்றி ஒட்டினாலே புடைப்பு பாதியாகும்.

அடுத்த வழி: ரிங் அல்லது திருகு போட்ட ஆல்பமாக இருந்தால் முதுகில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே 2 செ.மீ. அகல அட்டைப் பட்டிகளைச் செருகுங்கள். வித்தியாசம் தீரும்வரை சேர்த்துக்கொண்டே போகலாம்.

தைத்துக் கட்டிய புத்தகமாக இருந்தால் வீட்டில் எதுவும் செய்ய முடியாது. பைண்டரிடம் கொடுத்துப் பட்டி வைத்து மறுபடி தைக்கச் சொல்ல வேண்டும். கொண்டுபோகும்போது உள்ளே வைக்கும் பொருள்களின் மாதிரியையும் காட்டுங்கள். எத்தனை பட்டி வேண்டும் என்பதை அவர் அதைப் பார்த்துத்தான் சொல்வார். மூல டிக்கெட்டையும் கடிதத்தையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதே கனத்தில் அட்டைத் துண்டுகளை வெட்டிக் கொடுத்தால் போதும்.

டிக்கெட்டில் எழுத்து மறைகிறது

இதைப் படிக்கும் ஒவ்வொருவரையும் இன்றே எழுந்துபோய்ப் பார்க்கச் சொல்கிறேன். சினிமா டிக்கெட், பஸ்ஸில் கண்டக்டர் மெஷினில் அடித்துக் கொடுக்கும் சீட்டு, ஓட்டல் பில் ஆகியவற்றில் பெரும்பாலானவை சூட்டால் எழுத்து வரும் தாளில் அச்சானவை. மை என்று அதில் ஒன்றும் கிடையாது. அதனால் வெளிச்சம், சூடு, எண்ணெய்க் கை, கிருமிநாசினித் திரவம், மெத்தென்ற பிளாஸ்டிக் உறை, டேப்பின் கோந்து என்று எது பட்டாலும் எழுத்து வெளிறிப்போகும், அல்லது தாளே கறுத்துவிடும். பழைய பல்லவன் பஸ் டிக்கெட்டுகள் அச்சகத்தில் அடித்தவை. அந்த மெல்லிய கலர்த் தாளுக்கு இந்த ஆபத்து இல்லை.

எந்த வகை என்று தெரியவில்லையா? அதே மாதிரித் தாளில் வந்த வேண்டாத பில் ஒன்றை எடுத்து நகத்தால் வேகமாகக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் சூட்டுத்தாள். நினைவாக வைத்திருக்கும் டிக்கெட்டிலேயே கீறிப் பார்க்காதீர்கள்.

எழுத்து இன்னும் தெளிவாக இருந்தால்

இன்றே ஸ்கேன் செய்து, சாதாரணத் தாளில் அதே அளவில் பிரின்ட் எடுங்கள். பாக்கெட்டில் முன்னால் பிரின்ட், பின்னால் மூலம். மூலத்தைச் சுற்றிச் சாதாரணத் தாள் உறை. எங்கும் பசை, டேப் வேண்டாம்.

மங்கியிருந்தால்

பகல் வெளிச்சத்தில், ஜன்னலிலிருந்து எட்டி நின்று, கைபேசியில் படம் எடுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கறுப்புக்கும் வெள்ளைக்குமான வேறுபாட்டைக் கூட்டினால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து பலமுறை எழுந்து வரும். ஹேர் டிரையர் காட்டினால் எழுத்து தெரியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தாள் முழுவதும் கறுத்துப்போனால் அதற்குப் பிறகு திரும்பி வர வழியில்லை.

ஒன்றும் தெரியவில்லை என்றால்

போட்டோ சீர்செய்யும் ஸ்டுடியோவில் நல்ல ஸ்கேனரில் முயன்று பார்க்கச் சொல்லலாம். அதற்கும் வராவிட்டால் டிக்கெட்டின் கீழே நாளும் படமும் தியேட்டரும் உங்கள் கையெழுத்தில் எழுதி வையுங்கள். மறந்துபோகும் முன் எழுதுங்கள்.

போட்டோ பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டது

நிறுத்துங்கள். இழுக்காதீர்கள்.

எங்கள் மூன்றாம் மாடியில் இருக்கும் பெண் ஒரு மார்கழிக் காலையில் ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். மகன் பிறந்த அன்று எடுத்த போட்டோவும், மருத்துவமனையில் அவன் கையில் கட்டிய அடையாளப் பட்டையும் ஒரே பிளாஸ்டிக் பாக்கெட்டில் இருந்தன. பட்டையும் மெத்தென்ற பிளாஸ்டிக், பாக்கெட்டும் மெத்தென்ற பிளாஸ்டிக். மழைக்காலம் முழுவதும் மூடிய அலமாரியில் இருந்ததில் போட்டோவின் முகப்பு இளகிப் பாக்கெட்டோடு சேர்ந்துவிட்டது. ஒட்டிய இடம் ஈரம் பட்டது போல் கருமையாக, ஒட்டாத இடம் வெள்ளிப் பளபளப்போடு தனியாகத் தெரிந்தது. “ஒரு மூலையை மட்டும் இழுத்துப் பார்த்தேன் அக்கா” என்றாள். அந்த மூலையில் நீலப் போர்வையின் நிறம் பிளாஸ்டிக்கோடு போயிருந்தது. முகம் தப்பியிருந்தது. பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே ஸ்கேனரில் வைத்துப் படமெடுத்தோம்.

வரிசை இதுதான்:

முதலில், நெகட்டிவ் அல்லது கைபேசியில் மூலப் படம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் புதிய பிரின்ட் போட்டுக்கொள்ளலாம், பதற்றம் முடிந்தது.

இல்லையென்றால், பிளாஸ்டிக்கின் மேலேயே ஸ்கேன் செய்யுங்கள். எதையும் முயலும் முன் இது நடந்தாக வேண்டும்.

பிறகு, பாக்கெட்டின் பின்பக்கத்தையும் ஓரங்களையும் கட்டரால் வெட்டித் திறந்து, போட்டோவை மிக லேசாக வளைத்துப் பாருங்கள். தானாக விட்டு வரும் இடம் வரட்டும். விட மறுக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். போட்டோவின் முகப்பு அல்லாமல் முதுகுதான் பக்கத்தோடு ஒட்டியிருக்கிறதென்றால், பல் இடுக்கில் விடும் டென்டல் ஃபிளாஸ் நூலை இடையில் கொடுத்து அறுப்பது போல மெதுவாக நகர்த்தலாம்.

முகப்பு ஒட்டிய போட்டோ ஒன்றே ஒன்றுதான், நெகட்டிவும் இல்லை என்றால் இதற்கு மேல் காகிதப் பாதுகாப்பு பயின்றவர்தான் தொட வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டும் பழைய பொருள்களோடும் காகிதத்தோடும் அன்றாடம் புழங்கும் இடங்கள். யாரை அணுகலாம் என்ற விசாரணையை அங்கிருந்து தொடங்குங்கள்.

இனி வாங்கும் பிளாஸ்டிக்கைச் சோதிப்பது எப்படி? ஒரு விரலகலத் துண்டை வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கி, காற்றுக் குமிழி போன பிறகு விடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன், பயன்படுத்தலாம். மூழ்கினால் மோந்து பாருங்கள். புதிய மழைக்கோட்டு வாசனையும் மெத்தென்ற தொடுகையும் இருந்தால் பிவிசி, தள்ளி வையுங்கள். வாசனை இல்லாமல், விறைப்பாக, கையில் சடசடவென்று ஒலித்தால் பாலியெஸ்டர்; அது மூழ்கும், ஆனால் நல்லது. நெருப்பில் காட்டிச் சோதிக்க வேண்டாம். பிவிசி எரியும் புகை கெடுதல்.

பூ கறுக்கிறது, மஞ்சள் குங்குமம் ஊறுகிறது

மாலையிலிருந்து எடுத்த மல்லிகையை அன்றே பாக்கெட்டில் வைத்தால் பக்கத்தில் பழுப்பு வட்டம்தான் மிஞ்சும். வெற்றுத் தாள்களுக்கு நடுவே, பாரத்தின் கீழ், இரண்டு மூன்று வாரம் காயட்டும். முதல் வாரம் தினமும் தாளை மாற்றுங்கள். நன்றாகக் காய்ந்தாலும் மல்லிகை வெள்ளையாக நிற்காது, தேன் நிறத்துக்கு வந்துவிடும். அது பழுது அல்ல.

கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் அடுத்த பக்கத்துக்கு ஏறுகிறதா? பத்திரிகைக்கு முதலில் பட்டர் பேப்பர் உறை, அதற்கு மேல்தான் பாக்கெட். மஞ்சள் பட்ட இடம் சில வேளை சிவப்பாக மாறியிருக்கும். காகிதத்தில் சுண்ணாம்புச் சத்து இருந்து ஈரமும் சேர்ந்தால் ஆரத்தித் தட்டில் நடப்பதே இங்கேயும் நடக்கும். பூஞ்சை என்று பயந்து ஈரத் துணியால் துடைக்காதீர்கள், பரவிவிடும்.

குங்குமத்தையும் விபூதியையும் பொடியாகக் கொட்டி வைக்காமல், தாளில் மடித்துச் சிறிய ஜிப் கவரில் போட்டு வையுங்கள். போட்டோவின் மேல் சிந்தியிருந்தால் மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டி எடுப்பதோடு சரி. குங்குமச் சாயம் போட்டோவுக்குள் இறங்கிவிட்டால் கழுவ முயலாமல் ஸ்டுடியோவில் நகலெடுத்து, நகலில் திருத்தச் சொல்லுங்கள்.

பட்டுத் துணிப் பாக்கெட் நைந்து போகிறது, சரிகை கறுக்கிறது

பாட்டியின் காஞ்சிப் பட்டிலிருந்து தலைப்புத் துண்டை வெட்டிப் பாக்கெட் செய்பவர்களுக்கு. நூல் பிரிந்தால் ஓரத்தை மடித்துத் தையுங்கள். பின்னால் டெய்லர் கடையில் கிடைக்கும் கேன்வாஸ் கொடுங்கள். மடிப்புக்கோட்டிலேயே பட்டு விண்டு போகிறதென்றால் துணி முதிர்ந்துவிட்டது. அதை மடிக்காமல், தட்டையாக, அட்டைப் பாக்கெட்டின் முகப்பில் மட்டும் பதியுங்கள்.

அசல் சரிகையில் வெள்ளி இருக்கிறது. ரப்பர் பேண்டும் ரப்பர் கோந்தும் பக்கத்தில் இருந்தால் கறுக்கும். எடுத்துவிடுங்கள். கறுத்ததைப் பளபளப்பாக்கப் பற்பசை போட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும். உள்பக்கம் சரிகை போட்டோவை உரசாமல் ஒரு தாள் புறணி வைக்கவும் மறக்காதீர்கள்.

பாக்கெட்டில் ஓட்டை, ஓரத்தில் அரிப்பு

ஓரம் சீரற்று, மேல்தோல் சுரண்டியது போல இருந்தால் சில்வர் ஃபிஷ் எனப்படும் வெள்ளிப்பூச்சி. மைதாப் பசை போட்ட இடத்தைத் தேடி அது வரும். சாப்பிட ஒன்றை வைத்துவிட்டு வராதே என்றால் எப்படி? மைதாப் பசைப் பாக்கெட்டுகளைப் பிரித்து வெள்ளைப் பசையில் ஒட்டிவிடுங்கள்.

குண்டூசி குத்தியது போல வட்ட ஓட்டை, பக்கத்துக்குப் பக்கம் சுரங்கமாகப் போனால் ராமபாணப் பூச்சி. புத்தகத்தை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். மாவு போல உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. கெட்டியான பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக்கூடாது, திறந்தால் வியர்த்துவிடும்.

பாச்சை உருண்டையைப் பாக்கெட்டுக்குள் போடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும், மூச்சுக்கும் ஆகாது. காய்ந்த வேப்பிலையோ வசம்போ துணிப் பொட்டலமாக அலமாரித் தட்டில் இருக்கலாம். பக்கங்களுக்கு நடுவே வேண்டாம், கறை விழும்.

அலமாரியின் பின்னால் மண் கோடு ஏறியிருந்தால் கரையான். ஆல்பத்தை வேறு அறைக்கு மாற்றிவிட்டு அன்றே பூச்சிக் கட்டுப்பாட்டுக்காரரை அழையுங்கள். இதில் கைவைத்தியம் பலிப்பதில்லை.

பூஞ்சை, ஈர வாடை

பக்கத்தைப் புரட்டும்போது மழைக்காலத்துப் பழைய துணி வாடை வந்தால் உடனே பாருங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைத் தொட வேண்டாம். மற்றவர்களும் என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

வாடை மட்டும் இருந்தால், புத்தகத்தை விசிறி போல விரித்து நிறுத்தி, நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாமல், இரண்டு மூன்று நாள் விடுங்கள். வெயிலில் காய வைத்தால் போட்டோ வெளுக்கும், பக்கம் வளையும். பிறகு அலமாரி எந்தச் சுவரை ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவராக இருந்தால் ஒரு சாண் தள்ளி வையுங்கள். அடித்தட்டில் வைக்காதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஆல்பப் பெட்டியில் போடலாம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும்.

புள்ளிகள் தெரிந்தால் ஒரு தூரிகையின் நுனியால் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் காய்ந்த பூஞ்சை. பால்கனிக்குக் கொண்டுபோய், மென்தூரிகையால் முகத்திலிருந்து வெளிப்புறமாகத் தள்ளி எடுங்கள். பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். பிசுக்கென்று இழுவினால் பூஞ்சை உயிரோடு இருக்கிறது. தேய்க்காதீர்கள், தேய்த்தால் தாளுக்குள் இறங்கிவிடும். முதலில் காய வைத்து, பொடியான பிறகுதான் தூரிகை.

வெள்ளத்தில் நனைந்தால் கணக்கே வேறு. 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் வந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் எத்தனையோ ஆல்பங்கள் நனைந்தன. நனைந்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை கிளம்பிவிடும். அதற்குள் செய்ய வேண்டியவை: பாக்கெட்டுகளைக் கத்தரித்துத் திறந்து பொருள்களைத் தனித்தனியாகப் பரப்புங்கள். சேறு படிந்த, ஸ்டுடியோ லேபில் பிரின்ட் போட்ட போட்டோவைச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக முக்கி, முகப்பு மேலே பார்க்கக் காய வைக்கலாம். மையைத் தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் பிரின்ட்டைத் தண்ணீரில் முக்கக்கூடாது, சாயம் ஓடிவிடும். ஒன்றாக ஒட்டியிருப்பவற்றைப் பிரிக்க நேரமோ இடமோ இல்லையென்றால், கட்டுக் கட்டாக நடுவே பட்டர் பேப்பர் வைத்து, பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். உறைந்த காகிதத்தில் பூஞ்சை வளராது; மின்சாரம் இருக்கும்வரை உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். மின்சாரம் இல்லாத பகுதியாக இருந்தால் உலர்ந்த பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டு ஃப்ரீசரைக் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டாக எடுத்துக் காய வைக்கலாம்.

மையால் எழுதிய கடிதம், பத்திரம், ஜாதகம் நனைந்து மை கசிந்திருந்தால் விரிக்காமல், அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் காகிதப் பாதுகாப்பாளரைத் தேடுங்கள். எடுத்துச் செல்லும்போது ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள், வழியில் இளகக்கூடாது.